கமிஷனர் குடித்த தண்ணீர்

அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற ஒரு ஸ்பானர் போதும். கஜபதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதே, என் கண்ணெதிரில் அதைக் கழற்றித் தோளில் சாத்திக்கொண்டு போனார். வாஷர் தேய்ந்துவிட்டது, ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் என்றார். வீட்டுக்கார மகாராஜனுக்கு இப்போதாவது அக்கறை வந்ததே என்று நானும் மீதித் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். அந்த ரிப்பேர் முடியவே இல்லை.

இது எண்பத்தெட்டாம் வருஷம், புரட்டாசி வாக்கில் நடந்தது. நான் ஆவடி ஃபேக்டரியில் டர்னர். குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த பாவிகளில் ஒருவன். சேக்காட்டில் கஜபதி வரிசையாகக் கட்டிவிட்டிருந்த மூன்று போர்ஷன்களில் நடுவில் குடியிருந்தோம், நானும் என் மனைவி சொர்ணமும். ஒரு பக்கம் ஜேம்ஸ் குடும்பம். இன்னொரு பக்கம் கண்ணம்மா, புருஷன் இல்லாதவள், வாசலில் இட்லி போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு வாசல், அந்த வாசலில் ஒரே ஒரு பம்பு. குடிக்க, குளிக்க, கக்கூசுக்கு ஊற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான்.

கஜபதி அந்த ஊரின் பழைய குடி. நாங்கள் படுத்துத் தூங்கிய இடம் அவருடைய அப்பா காலத்தில் வேர்க்கடலை போட்ட நிலம். இப்போது அங்கே மனை விலை ஏறிவிட்டது. போர்ஷன்களை இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்ட வேண்டும் என்று அவருடைய மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். காலி பண்ணுங்கள் என்று அவர் நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாங்கள் கெடு கேட்போம், கோர்ட்டுக்குப் போவோம். அதனால் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய் எதிரில் இருந்த தன் வீட்டில் வைத்துக்கொண்டு, தினமும் என்னைப் பார்த்து, சாப்பாடு ஆச்சா நைனா என்று விசாரித்தார்.

ஜேம்ஸுக்கு அதிர்ஷ்டம், குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போய்விட்டான். நாங்களும் கண்ணம்மாவும்தான் மிச்சம். ரயில்வே கேட் தாண்டி ஒரு தெருப் பம்பு இருந்தது. அங்கே குடங்கள் விடியற்காலையிலிருந்தே வரிசையில் நிற்கும். ஒரு குடத்துக்கு ஒரு சண்டை. சொர்ணத்துக்கு ஏற்கெனவே இடுப்பு சரியில்லை. தண்ணீர் சுமந்து வந்து இறக்கி வைக்கும்போது அவள் விடுகிற மூச்சைக் கேட்டாலே எனக்குக் குற்ற உணர்ச்சியும் கோபமும் சேர்ந்து வரும். யார் மேல் கோபம் என்று தெரியாமல் அவள் மேலேயே எரிந்து விழுவேன்.

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இது சிவில் மேட்டர், போ என்றார்கள். அப்புறம் தெருக்குழாய் பார்க்கிற ஆபீசுக்குப் போனேன். தெருவில் இருக்கிற பம்பு என்றால் நாங்கள், வீட்டுக்குள் இருக்கிற பம்பு என்றால் வீட்டுக்காரர் என்றார்கள். கடைசியில் யூனியன் செக்ரட்டரிதான் பூந்தமல்லியில் ஒரு வக்கீலைக் காட்டிக் கொடுத்தார். ஜானகிராமன் என்று பெயர். பஸ் ஸ்டாண்டு எதிரில், வெற்றிலைக் கடை மாடியில் ஒரு அறை. அவர் பொறுமையாகக் கேட்டார். குடியிருப்பவர் அனுபவித்து வந்த வசதியை நிறுத்த எந்த வீட்டுக்காரருக்கும் உரிமை கிடையாது, சட்டத்திலேயே இருக்கிறது, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மனுப் போடலாம் என்றார். அந்த அதிகாரி வேறு யாருமில்லை, பூந்தமல்லி முன்சீப் கோர்ட்டு நீதிபதியேதான். முதலில் வக்கீல் நோட்டீஸ், அதற்கு மசியவில்லை என்றால் மனு. நாங்கள் அங்கே குடியிருப்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். கஜபதி ஒருநாளும் ரசீது கொடுத்ததில்லை. நல்லவேளையாக ரேஷன் கார்டில் அந்த விலாசம் இருந்தது.

நோட்டீஸ் போன இரண்டாம் நாள் கஜபதி அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். முகத்தில் கோபமே இல்லை. ஏதோ நான்தான் அவர் வீட்டுக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டதுபோல வருத்தமாக நின்றார்.

"இன்னா நைனா, எதிர் ஊட்ல கீறேன், தபால்ல பேசுறே? ஒரு வார்த்த வந்து கேட்டிருந்தா ஆவாதா?"

எத்தனை வார்த்தை கேட்டேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனுப் போட்டோம். நான் முதல் மனுதாரர், கண்ணம்மா இரண்டாவது. அவள் கைநாட்டு வைத்தாள். இது எதற்கு, அது எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அண்ணாத்தே சொன்னா சரி என்றாள்.

அதற்கப்புறம் வாய்தா. கோர்ட்டுக்குப் போகாதவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியாது. ஒரு தடவை கஜபதி வரவில்லை. ஒரு தடவை அவர் வக்கீலுக்குக் காய்ச்சல். ஒரு தடவை வக்கீல்கள் எல்லாருமே கோர்ட்டைப் புறக்கணித்து வெளியே நின்றார்கள். ஒரு தடவை எல்லாரும் வந்திருந்தோம், எங்கள் வழக்கு வருவதற்குள் பொழுது போய்விட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு லீவு. வேலுசாமி, நீ கோர்ட்டுக்கு வேலைக்குப் போறே, ஃபேக்டரிக்குத்தான் வாய்தாவுக்கு வர்றே என்று ஃபோர்மேன் கிண்டல் பண்ணினார். நானும் சிரித்து வைத்தேன். கண்ணம்மா அன்றைய இட்லிக் கடையை மூடிவிட்டு என்னோடு பஸ் ஏறுவாள். கோர்ட்டு வாசல் மரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து, அவள் கட்டிக்கொண்டு வந்ததைத் தின்றுவிட்டு, அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு திரும்புவோம். செருப்புத்தான் தேய்ந்தது.

இதற்கு நடுவில்தான் எங்கள் புஷ்பா முழுகாமல் இருக்கிற சேதி வந்தது. ஒரே பெண். அரக்கோணத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். பங்குனியில் வளைகாப்பு. வளையல் அடுக்கி முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவதுதானே முறை. தலைப்பிரசவம் வேறு. சொர்ணம் அவள் பெட்டியைக்கூடக் கட்டி வைத்துவிட்டாள். அப்போது சம்பந்தியம்மாள் எல்லார் முன்னாலும், ரொம்ப மரியாதையாகத்தான், கேட்டாள். உங்கள் வீட்டில் தண்ணீர் இல்லையாமே, பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், முதலில் தண்ணீருக்கு வழி பண்ணுங்கள், அப்புறம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். புஷ்பா வாசல் வரைக்கும் வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த வீட்டில் ஏழாம் மாசத்திலும் மாவாட்டுவது அவள்தான்.

"எப்டியாச்சும் என்னக் கூட்டிகினு போயிடும்மா" என்றாள்.

ரயிலில் திரும்பி வரும்போது சொர்ணம் வளையல் மிச்சம் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரமே வக்கீலிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். வைகாசியில் பிரசவம், அதற்குள் தண்ணீர் வந்தாக வேண்டும். அவர் ஏதோ யோசித்து, நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு கமிஷனரை அனுப்பச் சொல்லி மனுப் போட்டார். கமிஷனர் என்றால் போலீஸ்காரர் இல்லை. கோர்ட்டு அனுப்புகிற இன்னொரு வக்கீல், அவ்வளவுதான். வந்து பார்ப்பார், பார்த்ததை எழுதுவார். ஜானகிராமன் என்னை உட்காரவைத்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுதுவார், அதனால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், வீடு இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். நான் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொர்ணத்திடமும் கண்ணம்மாவிடமும் ஒப்பித்தேன். இருவரும் தலையாட்டினார்கள்.

கமிஷனர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பஸ் ஸ்டாப்பில் போய் அழைத்துக்கொண்டு வந்தேன். ஆனந்தன் என்று பெயர், இளம் வக்கீல், கறுப்புக் கோட்டுக்குள் பாவம் வெந்துகொண்டிருந்தார். சித்திரை வெயில். வழியெல்லாம் நான் எங்கள் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவரும் நல்ல மனுஷர், த்ச்சு த்ச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் சந்துக்குள் திரும்பினோம். ஈரச் சிமெண்டு வாசனை வந்தது.

வாசல் முழுக்கக் கழுவிவிட்டிருந்தது, பளபளவென்று. நடுவில் பெரிய கோலம், செம்மண் வேறு. கதவு நிலைகளில் மஞ்சள், குங்குமம். ஓரமாக டிரம், அண்டா, தவலை, குடம் என்று ஊரில் உள்ள பாத்திரமெல்லாம் தண்ணீர் தளும்ப நின்றது. பாதிப் பாத்திரம் எங்களுடையதே இல்லை. சொர்ணம் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணம்மாவும் அப்படியே. கண்ணம்மாவின் முந்தானை மட்டும் இன்னும் நனைந்திருந்தது. கிழக்கு வெளுக்கும் முன்பே எழுந்து, ரயில்வே கேட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்து தீர்த்திருக்கிறார்கள் இரண்டு பேரும். எதிர்ப்பக்கம் கஜபதி சலவை வேட்டியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

கமிஷனருக்குக் கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள் சொர்ணம். முகம் கழுவக் கொடுத்தாள். குடிக்கக் கொடுத்தாள். அவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, தண்ணி நல்லா இருக்கும்மா என்றார். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அப்புறம் காபி. அதற்கப்புறம்தான் அவர் பேனாவை எடுத்து, சொர்ணத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணிக்கு ரொம்பக் கஷ்டமாம்மா?"

தினம் எழுந்திருக்கும்போதும் படுக்கும்போதும் கஜபதியின் ஏழு தலைமுறையையும் திட்டுகிறவள், ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். எங்க கஷ்டம் எப்பவும் கீறதுதான். நீங்க வெய்யில்ல வந்துகீறீங்க, இருந்து ஒரு வாய் சாப்ட்டுப் போங்க."

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சார், இதெல்லாம் கேட் தாண்டிப் போய்ச் சுமந்து வந்த தண்ணீர் சார் என்று குறுக்கே விழுந்தேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். பம்பைப் போய்ப் பார்த்தார், கைப்பிடி இல்லை என்று எழுதிக்கொண்டார். கஜபதியைக் கேட்டார். ரிப்பேரில் இருக்கிறது, சாமான் கிடைக்கவில்லை, வந்ததும் மாட்டிவிடுவேன் என்று கஜபதி பணிவாகச் சொன்னதையும் எழுதிக்கொண்டார். எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். வக்கீல் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கண்ணம்மா தன் வீட்டுக்குள் போய்விட்டாள். சொர்ணம் பாத்திரங்களை யார் யாருடையது என்று பிரித்து வைத்துக்கொண்டே, நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது பேசினாள்.

"கோர்ட்லேர்ந்து ஒரு மனுசன் ஊடு தேடி வர்றாரு. வெள்ளிக்கெயம. நாறிகினு கெடக்கிற ஊட்ட எப்டிய்யா காட்டுறது? வந்தவருக்குத் தண்ணி இல்லேன்னு சொல்ல எனுக்கு வாய் வரல."

சொல்லிவிட்டு அழுதாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அதற்கு மேல் கத்தத் தெம்பில்லை. டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன்.

அறிக்கை வந்தது. ஜானகிராமன் படித்துக் காட்டினார். வாசல் தண்ணீர் விட்டுக் கழுவப்பட்டிருந்தது. பல பாத்திரங்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. எனக்கே கால் கழுவவும் குடிக்கவும் தாராளமாகத் தரப்பட்டது. கஷ்டம் ஒன்றும் இல்லை என்று முதல் மனுதாரரின் மனைவி கூறினார். தண்ணீர் வெளியிலிருந்து சுமந்து வரப்பட்டது என்று முதல் மனுதாரர் கூறுகிறார். அதில் ஒரு வரி பொய் இல்லை. அவர் கண்ணால் பார்த்ததெல்லாம் முதலில், நான் வாயால் சொன்னது கடைசியில். ஆட்சேபணை போடலாம், மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார் வக்கீல். ஆனால் மே மாசம் கோர்ட்டுக்கு லீவு. இனி எதுவானாலும் ஜூனில்தான். குழந்தை கோர்ட்டுக்காகக் காத்திருக்குமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அன்று வீடு திரும்பியபோது சொர்ணம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தான் கஜபதி வீட்டுக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னாள். நாளைக்கே கைப்பிடியை மாட்டுகிறாராம். மனுவை இரண்டு பேரும் வாபஸ் வாங்க வேண்டுமாம், ஆவணிக்குள் இரண்டு வீட்டையும் காலி பண்ண வேண்டுமாம், பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் வீட்டை வேண்டுமானால் நீ கொடு, கண்ணம்மா வீட்டைக் கொடுக்க நீ யார் என்று சீறினேன். பதினான்கு வருஷமாக அந்த வாசலில் அடுப்பு வைத்துப் பிழைக்கிறவள். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கண்ணம்மா பக்கத்துக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நானும்தான் கூடப் போனேன் அண்ணாத்தே. ஊடு வேற பாத்துக்கலாம். புள்ளய எங்க போயிப் பெத்துக்கும் அது? நீ போயிக் கூட்டியா."

அவ்வளவுதான் அவள் பேசியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், ஊற வைத்த உளுந்தைப் பார்க்கப் போய்விட்டாள். ஏழெட்டு மாசமாக நான் ஆண்பிள்ளையாகக் கோர்ட்டு கோர்ட்டாக அலைந்து பிடிக்க முடியாததை இரண்டு பெண்கள் தெருவைக் கடந்து போய் முடித்துவிட்டு வந்துவிட்டார்கள். என்ன விலைக்கு என்று யோசித்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புஷ்பா வந்தாள். சம்பந்தியம்மாள் கூடவே வந்து, பம்பைத் தன் கையால் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். வைகாசி பிறந்து கொஞ்ச நாளில் பேத்தி பிறந்தது. கண்ணம்மாதான் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, அதில் குழந்தையைக் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவாள். அது கத்துகிற கத்தலைக் கேட்டு எதிர் வீட்டிலிருந்து கஜபதி சிரிப்பார். புஷ்பாவுக்கு இளநீர் கூட அனுப்பினார். குடிக்காதே என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் குடித்துவிட்டாள்.

குழந்தைதான் பிறந்துவிட்டதே, இனி வாபஸ் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை வராமல் இல்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த பத்திரம் அவர் கையில். ஸ்பானரும் அவர் கையில்.

ஜூனில் கோர்ட்டு திறந்ததும் மூன்று பேரும் போனோம், நானும் கண்ணம்மாவும் ஒரு பஸ்ஸில், கஜபதி தன் மகனின் வேனில். அன்றைக்கு எங்களை முதலிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். தண்ணீர் வருகிறதா என்று நீதிபதி கேட்டார். வருகிறது ஐயா என்றேன். வேறு குறை ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை ஐயா என்றேன். அவர் கண்ணம்மாவைப் பார்த்தார். அவள் என்னைக் காட்டி, அண்ணாத்தே சொன்னா சரிங்க என்றாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. இல்லை என்று சொல்வதற்கு வாய்தாவே தேவைப்படவில்லை.

வெளியே வந்ததும் கஜபதி, வாங்க நைனா, வேன்லயே போயிடலாம் என்று மனசாரக் கூப்பிட்டார். பஸ்ஸிலேயே வருகிறோம் என்றேன். ஜானகிராமன் என் தோளில் கை வைத்தார். கண்ணம்மா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், வேலப்பன்சாவடில தம்பி ஊட்டாண்ட ஒரு ரூம் பாத்துகீறேன். அங்கயும் பம்புதான். அந்த ஊட்டுக்காரரு நிறுத்திட்டா இங்கதான் வந்து சொல்லணுமா?"

"இங்கதாம்மா" என்றார் அவர்.

"அப்ப சரி. வயி தெரிஞ்சிபோச்சி" என்று சொல்லிவிட்டு, அவள் என்னை வரச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.